நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் நின்றவர்கள்

என் மனைவி எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். நான் பத்தாவது வரை போய் பெஞ்சைத் தேய்த்தவன். ஆனாலும் எங்கள் வீட்டில் புத்தகம் படிக்கிற ஆள் அவள்தான். நான் பிரதி எடுக்கிற ஆள். நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷத்தில் எத்தனை லட்சம் பக்கம் என் கண்ணெதிரே ஓடியிருக்கும்! ஒன்றையாவது வாசித்தேனா? மை சரியாக விழுந்திருக்கிறதா, ஓரம் வெட்டுப்படாமல் வந்திருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பேன்.

அவள் நூலகத்தில் சேர்ந்தது கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு. சிறுவர் பகுதியில் முத்திரை குத்துகிற அம்மா ஒருநாள் காய்ச்சல் என்று வரவில்லை. "ரெண்டு நாள் பாத்துக்கோ" என்று இவளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்த ரெண்டு நாள் ஒன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தேதியை டப் டப்பென்று அவள் குத்துகிற சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் முத்திரையக்கா. அவள் சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளையிடம் எல்லாரும் என்ன கேட்பார்கள்? பிடித்ததா என்று கேட்பார்கள். இவள் அப்படிக் கேட்கவே மாட்டாள். "எங்க நிறுத்தினே?" என்றுதான் கேட்பாள்.

நான்கூட ஒருமுறை சண்டை பிடித்தேன். "ஏம்மா, அது என்ன கேள்வி? புள்ளைங்க பாதியில விட்டுடுச்சுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"பிடிச்சுதான்னு கேட்டா எல்லாம் நல்லா இருந்துச்சுன்னுதாங்க சொல்லும். உள்ள பாத்தா ஆறாம் பக்கத்துல மடிச்ச ஓரம் அப்படியே இருக்கும். பொய் சொல்ல வைக்கிற கேள்விய எதுக்குக் கேக்கணும்?" என்றாள்.

அது வாஸ்தவம்தான் என்று தோன்றியது. ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. நானாவது ஒத்துக்கொள்வதாவது!

பிள்ளை சொல்கிற பக்க எண்ணை ஒரு சின்னச் சீட்டில் பென்சிலால் எழுதிப் போட்டுக்கொள்வாள். முடித்திருந்தால் "முடிச்சாச்சு" என்று எழுதுவாள். சீட்டெல்லாம் என் உபயம். யாரோ ஏதோ அறிவிப்புக்கு வாங்கச் சொல்லிவிட்டு வராமல் போன ரோஸ் நிறத் தாள் ஒரு கட்டு என் கடையில் கிடந்தது. அதை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி வெட்டிக் கொடுத்தேன். எந்தப் புத்தகத்தில் எத்தனை பேர் எங்கே நின்றார்கள் என்று அவளுக்கு மட்டும் தெரியும். தலைமை நூலகர் மேடத்துக்குத் தெரியாது. தெரிந்தால், "யாரைக் கேட்டு இதெல்லாம்?" என்று ஆரம்பிப்பார். அதனால் சீட்டுகளைக் கவர் கவராகப் போட்டு என் கடை மேஜை இழுப்பறையில் பத்திரப்படுத்தியிருந்தாள். பத்திரம்! என்னை நம்பி!

எங்கள் நூலகத்தில் வருஷாவருஷம் இளம் வாசகர் விருது என்று ஒன்று நடக்கும். ஆறு நாவல்களைத் தேர்வுப் பட்டியலில் வைப்பார்கள். பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகள் படித்துவிட்டு ஓட்டுப் போடுவார்கள். அதற்கு முன்னால் எழுத்தாளர்கள் சனிக்கிழமைக்கு ஒருவராக வந்து பிள்ளைகளோடு பேசுவார்கள். ஏற்பாடெல்லாம் என் மனைவி தலையில்தான்.

இந்த வருஷம் முதல் கூட்டத்துக்கு ஒரு நெட்டை எழுத்தாளர் வந்தார். விண்வெளிக் கதை எழுதியவர். தலைமை நூலகர் கேள்விகளை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து, தமக்குப் பிடிக்காததை எல்லாம் அடித்துவிட்டு, ஐந்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். "தங்களுக்கு எழுத்தில் ஆர்வம் எப்படி வந்தது?" என்று ஒரு பெண் ஒப்பித்தாள். அவரும் ஒப்பித்தார். இருபது நிமிஷத்தில் கேள்வி தீர்ந்துபோனது. மிச்சம் நாற்பது நிமிஷமும் மின்விசிறி சத்தம்தான். அவர் கடிகாரத்தைப் பார்க்க, பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்க, கூட்டம் குட்டிச்சுவராகப் போயிற்று.

அன்றைக்கு மத்தியானம் என் மனைவி கடைக்கு வந்தாள். முகம் செத்திருந்தது.

"என்னம்மா?"

"அடுத்த கூட்டமும் இப்படிப் போச்சுன்னா விருதையே நிறுத்திடலாம்னு மேடம் சொல்றாங்க. அப்புறம்... சிறுவர் பகுதிக்கு முறையாப் படிச்ச ஆளப் போட்டுட்டு என்ன மேல பதிவேட்டு அறைக்கு அனுப்பிடுவாங்களாம்."

பதிவேட்டு அறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. பழைய கோப்புகள், ஒரு மேஜை, கம்பி போட்ட ஒரு ஜன்னல். அங்கே ஒரு பிள்ளை எட்டிப் பார்க்காது.

"சம்பளம் அதேதானே?" என்று கேட்டுத் தொலைத்தேன். என் வாய் இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு தண்டனை வைக்கவேண்டும்.

அவள் ரோஸ் தாள் துண்டு ஒன்றை எடுத்து நான்காக மடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "எங்க நிறுத்தினேன்னு நான் யார்கிட்டங்க கேப்பேன்?" என்றாள்.

இரண்டாவது கூட்டத்துக்கு வரவேண்டியவர் ஒரு பெண் எழுத்தாளர். அவருடைய நாவல் "அண்ணனின் மழைச்சட்டை". கடலோர ஊர் ஒன்றில் அம்மா இல்லாத அண்ணனும் தங்கையும். தங்கைதான் கதை சொல்கிறாள். ஒருநாள் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று அண்ணன் படகேறிப் போய்விடுகிறான். மழைச்சட்டை ஆணியிலேயே தொங்குகிறது. அப்புறம் புயல். இவ்வளவும் என் மனைவி சொல்லி எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை.

இந்தத் தடவையும் மேடம் ஐந்து கேள்விகளை விட்டுவைத்தார். என் மனைவி அவற்றை அழகாக எழுதி, கவரில் போட்டு, மேலே நாவலின் பேரையும் எழுதி, என்னிடம் பிரதி எடுக்கக் கொடுத்தாள். எடுத்து அதே இழுப்பறையில் வைத்தேன். கேள்விகளும் ரோஸ் சீட்டில்தான். கவரும் ஒரே மாதிரிப் பழுப்புக் கவர். கேள்விக் கவர், பக்கச் சீட்டுக் கவர் இரண்டிலும் அதே நாவலின் பேர். எல்லாம் என் கடைச் சரக்கு.

சனிக்கிழமை காலை நூலகத்திலிருந்து போன் வந்தது. "ஏங்க, எழுத்தாளர் வந்துட்டாங்க. இழுப்பறையில மேலாக இருக்கற கவர எடுத்துட்டு ஓடி வாங்க."

மேலாக இருக்கிற கவராம். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் ஸ்டேப்ளர் பின் தேடி அந்த இழுப்பறையை நான் தலைகீழாகக் கவிழ்த்திருந்தேன். மேல் எது, கீழ் எது, யாருக்குத் தெரியும்? அந்த நாவல் பேர் போட்ட இரண்டு கவரையும் கையில் தூக்கிப் பார்த்தேன். ஒன்று மெலிவு, ஒன்று கொழுத்தது. கேள்வி என்றால் நிறையத்தானே இருக்கும் என்று கொழுத்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் புத்தியை நான் மெச்சிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

கூடத்தில் நாற்பது பிள்ளைகள். நீலச் சேலை கட்டிய எழுத்தாளர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலைமை நூலகர் விறைப்பாக. நானே நேராகப் போய்க் கவரைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். என் மனைவி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

எழுத்தாளர் ஒரு சீட்டை எடுத்து மைக்கில் படித்தார். "நூத்திப் பதினேழு."

பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். அவர் அடுத்ததை எடுத்தார். "நூத்திப் பதினேழு." அடுத்தது. "நூத்திப் பதினேழு. என்னது இது, குலுக்கல் சீட்டா?"

திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

"நாப்பத்தொண்ணு," என்று படித்தார் எழுத்தாளர். "முடிச்சாச்சு. மறுபடியும் நூத்திப் பதினேழு. யாராவது சொல்றீங்களா?"

தலைமை நூலகர் கவரைப் பிடுங்கப் போனார். அதற்குள் என் மனைவி குரல் கொடுத்தாள். "அது... நான் எழுதினதும்மா. புள்ளைங்க புஸ்தகத்தத் திருப்பித் தரும்போது எந்தப் பக்கத்துல நிறுத்தினாங்கன்னு கேட்டு எழுதி வைப்பேன். கேள்விக் கவர் வேற. மாறிப்போச்சு. மன்னிச்சிடுங்க."

எழுத்தாளர் சீட்டுகளை மேஜை மேல் பரப்பினார். ஒவ்வொன்றாக எண்ணினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்படின்னா முப்பத்தொரு பேர் என் புத்தகத்த நூத்திப் பதினேழாம் பக்கத்துல மூடி வச்சுட்டீங்க," என்றார் மெதுவாக.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இரண்டாவது மாடி ஜன்னல் கம்பி கண்முன்னே வந்து நின்றது.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். மூக்கில் நிற்காத பெரிய கண்ணாடி. எல்லாரும் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மூடினோம். ஆனா பிடிக்காம மூடலை," என்றாள் கோபமாக. "நான் மூணு தடவ எடுத்தேன். மூணு தடவயும் அங்கயே நின்னுட்டேன்."

"ஏம்மா?"

"ஏன்னா கேக்கறீங்க? யாரோ கதவத் தட்டினார்கள்னு எழுதிட்டு, அண்ணன் ஒரு நாளும் கதவைத் தட்டியதில்லைன்னு எழுதி வச்சிருக்கீங்க. அதோட பக்கம் முடியுது. பதினாலாம் பக்கத்துலயும் சொல்லியிருக்கீங்க, செருப்பக் கழட்டும்போதே பசிக்குதுன்னு கத்திக்கிட்டு உள்ள வருவான்னு. அப்படின்னா தட்டறது வேற யாரோ. அண்ணன் செத்துட்டான்னு சொல்லத்தானே வந்திருக்காங்க? தாளத் திருப்பினா செத்துடுவான். திருப்பலைன்னா சாக மாட்டான்ல?"

அவ்வளவுதான், கூடம் பிய்த்துக்கொண்டது. "நானும் அதனாலதான்!" "எங்கம்மா படிச்சுச் சொல்றேன்னாங்க, வேணாம்னுட்டேன்!" "நீங்க அவனக் கொன்னுட்டீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க!" அத்தனை வாய் ஒன்றாகத் திறந்தால் எப்படி இருக்கும்? முடித்திருந்த ஐந்தாறு பேர் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் வாயைத் திறக்கப் போனான். "சொன்னே, தொலைஞ்சே!" என்று நாலு பக்கமும் அதட்டல்.

எழுத்தாளர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தார்.

"நானும் அங்க எட்டு மாசம் நின்னேன்," என்றார். "கதவத் தட்டினது யாருன்னு எழுதற எனக்கே தெரியலை. தெரிஞ்சுக்கவும் பயம்."

"நீங்கதானே எழுதறீங்க? உங்களுக்கு என்ன பயம்?"

"உனக்கு என்ன பயமோ அதேதான்."

அதற்கப்புறம் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றவன் யார் என்று எழுத்தாளர் கேட்டார். இரண்டாம் வரிசையில் ஒரு பையன் எழுந்து, "மழை பேஞ்சுக்கிட்டே இருக்கு மேடம். அஞ்சு பக்கத்துக்கு மழை. போரடிச்சுது," என்றான். தலைமை நூலகர் நெற்றியில் கைவைத்தார். எழுத்தாளரோ, "எனக்கும் அங்க போரடிச்சுது. வெட்டியிருக்கணும். அடுத்த பதிப்புல ரெண்டு பக்கமாக் குறைச்சா படிப்பியா?" என்று கேட்டார். பையன், "ஒண்ணாக் குறைங்க," என்று பேரம் பேசினான். சண்டை போட்டுவிட்டுப் போகிறவன் மழைச்சட்டையை ஏன் விட்டுப் போனான் என்பதற்கு மட்டும் கால் மணி நேரம் தர்க்கம் நடந்தது. கோபத்தில் மறந்தான் என்றது ஒரு கட்சி. திரும்பி வரத்தான் விட்டுவிட்டுப் போனான் என்றது இன்னொரு கட்சி.

கடைசியில் எழுத்தாளர் கேட்டார். "சரி, இப்ப எல்லாருமா சேந்து தாளத் திருப்பலாமா? நான் படிக்கட்டுமா?"

"நீங்க வேணாம். உங்க மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்," என்றாள் கண்ணாடிக்காரி. "முத்திரையக்கா படிக்கட்டும். அவங்களும் நூத்திப் பதினேழுதான், என்கிட்ட சொல்லியிருக்காங்க."

எனக்கே அது தெரியாது. அந்தக் கவரில் அவளுடைய சீட்டும் ஒன்று இருந்திருக்கிறது.

என் மனைவி கூட்டத்தில் படிக்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கு அடியில் விரல் வைத்து மெதுவாகப் படிக்கிறாள் என்று வகுப்பே சிரித்ததாம். அவள் படிப்பை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைக்கும் வரிக்கு அடியில் ஒரு சீட்டை வைத்து, அதை நகர்த்தி நகர்த்தித்தான் படிப்பாள். பிள்ளைகள் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் புத்தகத்தைப் பிரித்தாள். ரோஸ் சீட்டை முதல் வரிக்கு அடியில் வைத்தாள். தாளைத் திருப்பினாள்.

"தாழ்ப்பாளைத்... தூக்க... எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று," என்று படித்தாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சீட்டு நகர்வதையே பார்த்தார்கள். "வாசலில்... அண்ணன்... நின்றான்."

அந்தக் கூரை எப்படித் தாங்கியது என்று தெரியவில்லை. நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதுக்கா மூணு தடவ திருப்பிக் கொடுத்தேன்!" என்று திட்டினாள். நானும் கதவில் கை வைத்துக் கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். நான் நம்பவில்லை.

"இருங்க, இருங்க, இன்னும் இருக்கு," என்றாள் என் மனைவி. அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. மறுபடியும் சீட்டை நகர்த்தினாள். "உள்ளே வரலாமா என்று கேட்டான். சொந்த வீட்டுக் கதவை எவனாவது தட்டுவானா என்று கேட்டுவிட்டு, மழைச்சட்டையை ஆணியிலிருந்து எடுத்து அவன் மேல் எறிந்தேன்."

கூட்டம் முடிந்தபோது எழுத்தாளர் அந்த முப்பத்தொரு சீட்டுகளையும் தனக்கே வேண்டும் என்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நான் என் மனைவி பக்கம் போகலாமா என்று பார்த்தேன். அதற்குள் தலைமை நூலகர், "நீங்க என் அறைக்கு வாங்க," என்று அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்ததும் இல்லை. கேட்காமல் சீட்டு எழுதினது, கேள்விக் கவர் மாறினது, பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறினது, எத்தனை குற்றம்! எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நான்.

கடைக்கு வந்தேன். இரண்டு பக்கம் கேட்டவருக்கு இருபது எடுத்துக் கொடுத்தேன். ஒருவருடைய சான்றிதழைத் தலைகீழாக லேமினேஷன் போட்டேன். அவள் வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து மணிக்கு அவள் வெளியே வந்தாள். என் கடைப் பக்கம் திரும்பாமல் நேரே வீட்டுக்கு நடந்தாள். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. நான் என்றைக்கும் சாவியைப் போட்டுத் திறந்து, "காபி!" என்று கத்திக்கொண்டே நுழைகிறவன். அன்றைக்கு எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. ஒன்பது வருஷமாக அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு கவரால் கவிழ்த்துவிட்டு, காபியாவது கீபியாவது! வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் கதவைத் தட்டினேன்.

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"யாரு?"

"நான்தான்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கதவு திறந்தது. தோளில் துண்டோடு நின்றாள். மேலும் கீழும் என்னைப் பார்த்தாள். "சொந்த வீட்டுக் கதவ எவனாவது தட்டுவானா?" என்று கேட்டுவிட்டு, ஈரத் துண்டை எடுத்து என் முகத்தில் எறிந்தாள்.

துண்டுக்குள்ளேயே நான் சிரித்தேன். கண்ணையும் அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

"மேல போகணுமா?" என்றேன்.

"எங்கயும் போக வேணாமாம். அதே நாற்காலிதான். அடுத்த கூட்டத்துலேருந்து கேள்விக் கவரே வேணாம், பக்கச் சீட்டு மட்டும் போதும்னு மேடம் சொல்லிட்டாங்க. அப்புறம் கதவச் சாத்திட்டு மெதுவாச் சொன்னாங்க, அந்த விண்வெளிக் கதையில அவங்க அறுபத்து மூணுல நிறுத்திட்டாங்களாம். அதையும் எழுதிக்கச் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் கடைப் பக்கம் திரும்பாமப் போனே? எனக்கு உசிரே போச்சு!"

"கொஞ்சம் போகட்டும்னுதான்," என்றாள். உள்ளே போய் அந்த நாவலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "படிங்க. கவர்ல இருக்கறதப் படிக்காத ஆளு புஸ்தகத்தையாவது படிங்க."

கடையில் வேலைக்கு நடுவே பதினொரு நாள் படித்தேன். மழை எனக்கும் போரடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். பன்னிரண்டாம் நாள் எதிரே நூலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, முறை வந்ததும் புத்தகத்தை மேஜையில் வைத்தேன்.

"எங்க நிறுத்தினீங்க?" என்றாள்.

"நூத்திப் பதினேழு."

"அடுத்த பக்கத்தத்தான் நானே படிச்சுக் காட்டினேனே?"

"தெரியும். இருந்தாலும் கை போகலை."

அவள் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து ஒரு ரோஸ் சீட்டில் எண்ணை எழுதிப் போட்டுக்கொண்டு, புத்தகத்தில் புதுத் தேதி குத்தி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.